கை மரத்துப்போனால் காத்திருக்க வேண்டாம்: முதுகு, தோள், கை பாதிப்புகளை அறிவோம்

கூலிம்: நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழிற்பேட்டையான கூலிம் ஹைடெக் பூங்கா 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தமிழர்களில் பலருக்குப் பால்மரமும் செம்பனையுமே பிழைப்பு. இன்று ஒரே வீட்டில் தந்தை செம்பனைக் குலை வெட்டியவராகவும், மகள் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பு முன் அமர்பவராகவும் இருக்கலாம். வேலை மாறினாலும் முதுகும் தோளும் கையும் படும் பாடு குறையவில்லை.

வலி வந்தால் வாயுப்பிடிப்பு, வயதுக் கோளாறு, ஷிப்டு அசதி என்று சொல்லித் தைலம் தடவுவது நம்மவர் வழக்கம். சாதாரணத் தசைப்பிடிப்பு சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆனால் நரம்பு நசுங்கினால் நிலைமை வேறு. மாதக்கணக்கில் அப்படியே விட்டால் இழந்த பலம் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். எனவே எது ஆறும் வலி, எது காத்திருக்கக் கூடாத வலி என்று பிரித்தறிவது அவசியம்.

முதுகும் கழுத்தும்

முதுகெலும்பில் கழுத்துப் பகுதியில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 எலும்புகள் உள்ளன. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது டிஸ்க். குனிந்தபடி பாரம் தூக்கி, அதே நிலையில் உடலைத் திருப்பும்போது இடுப்பு டிஸ்க்கின் மேல் அழுத்தம் அதிகமாகும். குலையைத் தூக்கி வண்டியில் வீசுபவருக்கும், தொழிற்சாலையில் பெட்டிகளை அடுக்குபவருக்கும் இந்த ஆபத்து ஒன்றுதான்.

இடுப்போடு நிற்கும் வலி பெரும்பாலும் தசையைச் சேர்ந்தது. அதற்கு ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுத்தே இருந்தால் தசைகள் பலவீனமாகும். மெல்ல நடமாடுவதே நல்லது. வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்ந்தது போல இறங்கினால், பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். இதற்கும் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. மருந்தும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் போதும்.

சிறுநீர் அல்லது மலம் அடைத்துக்கொள்வது, கட்டுப்பாடின்றி வெளியேறுவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மணிக்கணக்கில் தலைகுனிந்து மைக்ராஸ்கோப்பு பார்ப்பவருக்கும், அண்ணாந்து நின்று உயரமான மரத்தில் குலை அறுப்பவருக்கும் கழுத்து வலி வரும். அது தோள் வழியாகக் கைவிரல் வரை இறங்கினால் கழுத்து நரம்பைப் பரிசோதிக்க வேண்டும்.

தோளும் மேற்கையும்

நீண்ட கழியைத் தலைக்கு மேல் தூக்கி அறுவடை செய்பவருக்குத் தோளின் தசைநார்கள் உரசித் தேய்கின்றன. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது வலிப்பதும், அந்தத் தோளின் மேல் ஒருக்களித்துப் படுக்க முடியாததும் இதன் அடையாளங்கள். தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, சட்டை போடவும் தலை வாரவும் முடியாமல் போவது உறைதோள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்பதால், தோள் இறுகினால் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துவிட வேண்டும்.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மேற்கை எலும்பு முறியும்போது, அதை ஒட்டிச் செல்லும் நரம்பும் அடிபடலாம். மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் கை தொங்கினால் அதுவே காரணம். விழுந்த கையை எக்ஸ்ரே எடுக்கும் முன் உருவிவிடக் கூடாது. முறிந்த எலும்பின் முனை நரம்பையும் இரத்தக் குழாயையும் மேலும் காயப்படுத்தும்.

மணிக்கட்டும் விரல்களும்

தொழிற்சாலைப் பெண்களிடம் அடிக்கடி காணப்படுவது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டன்னல் பாதிப்பு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். இரவில் விழித்துக் கையை உதறினால் இதமாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவு, தைராய்டு உள்ளவர்களுக்கும் இது வருவதுண்டு. தொடக்கத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை அணிந்தாலே பலருக்குக் குறையும். பெருவிரலின் அடிச்சதை வற்றும் வரை விட்டால், அறுவைச் சிகிச்சை செய்தாலும் பழைய பிடிமானம் முழுதாக வராது.

சுண்டுவிரல் மரத்தால் முழங்கை நரம்பைப் பார்க்க வேண்டும். விரல் மடங்கிச் சிக்கி, டக்கென்று நிமிர்வது தசைநார் உறை தடித்ததால் வருவது. பெருவிரல் பக்க மணிக்கட்டு வலி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வோருக்கும், கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் வரும்.

இயந்திரத்தில் சிக்கி விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்ட வேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் வைத்தால் சதை கெட்டுவிடும்.

வேலையிடத்தில் செய்ய வேண்டியவை

பாரத்தை உடலோடு ஒட்டி, இடுப்பு உயரத்தில் தூக்கும்போது ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ வரை என்பது பொதுவான வழிகாட்டி அளவு. தரையிலிருந்தோ தலைக்கு மேலோ தூக்கும்போது இந்த அளவு வெகுவாகக் குறையும். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வதும், இடையிடையே சில நிமிடம் கையை நீட்டி மடக்குவதும், ஒரே வேலையை மாற்றி மாற்றிச் செய்ய ஏற்பாடு கேட்பதும் பலன் தரும். தொழிலாளரின் பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் கவனிக்கும் கடமையை 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கு விதிக்கிறது.

சொக்சோ உரிமை

சொக்சோ எனப்படும் பெர்கேசோ, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. வேலையிட விபத்து மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும், வேலையால் வரும் நோயும் இதில் அடங்கும். விபத்து நடந்த நாளையும் சேர்த்து குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால், நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமை உதவியாகக் கிடைக்கும். நிரந்தரப் பாதிப்பை மருத்துவ வாரியம் மதிப்பிடும். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் நடப்பில் உள்ளது. மலாக்காவில் பெர்கேசோவின் மறுவாழ்வு மையமும் இருக்கிறது.

விபத்து நடந்தால் அன்றே சூப்பர்வைசரிடமோ மண்டோரிடமோ சொல்ல வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மெல்ல மெல்ல வரும் மரமரப்புக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அதனால்தான் பலர் உரிமையை இழக்கிறார்கள். என்ன வேலை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டுகள், எந்த விரல் மரக்கிறது என்பதை முதல் முறை கிளினிக் செல்லும்போதே மருத்துவரிடம் சொல்லி, அட்டையில் எழுதச் சொல்ல வேண்டும். கை வலி என்று மட்டும் பதிவானால், அது வேலையால் வந்தது என்பதைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மலேசியர்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் அங்கிருந்தே நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் மரமரப்பு நீடித்தாலோ, கையிலிருந்து பொருள் நழுவத் தொடங்கினாலோ, அடுத்த ஓய்வு நாளிலேயே கிளினிக்குக்குச் செல்வது நல்லது.