வட்டுக்கோட்டையில் எழுந்த ஓர் அளவை நூல்

1990களின் முற்பகுதி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலம். என் அண்ணர் உயர்தரத்துக்கு அளவையியல் படித்துக்கொண்டிருந்தார். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுக் கொளுத்திய விளக்கின் முன்னிருந்து, "மனிதர் எல்லோரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே சோக்கிரட்டீஸ் இறப்பவர்" என்று உரத்து மனனஞ் செய்வார். ஒருநாள் அம்மம்மா கேட்டா: "ஆர் மோனை அந்த மனுசன்? எப்ப செத்தவர்?" கி.மு. 399இல் நஞ்சுண்டு இறந்தவர் என்று அண்ணர் சொன்னார். "பாவம், இன்னும் அந்த மனுசனை விடுறியள் இல்லை" என்றா அம்மம்மா.

பின்னாளில் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை ஒரு பாடமாக எடுத்தபோதுதான், அந்த நியாயத்தொடை எங்கள் மண்ணுக்குப் புதியதன்று என அறிந்தேன். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியில் மேலைத் தத்துவமும் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் வில்லியம் நெவின்ஸ் என்னும் சிதம்பரப்பிள்ளை. மேலைத்தேய அளவையியலைத் தமிழிலே தரும் 'நியாய இலக்கணம்' என்ற நூலை 1850இல் வெளியிட்டவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகம் அப்போது பிறக்கவேயில்லை. 1857இல் அது பிறந்ததும் அதன் முதற் பட்டதாரிகளாக வந்த இருவர், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், இதே செமினறியின் மாணாக்கரே.

இன்னொரு செய்தி எனக்கு அதனிலும் சுவையானது. செமினறியின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலமாக்கினார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயின. ஒரே கல்விக்கூடத்திலிருந்து ஒரு நூல் மேற்கே போக, இன்னொன்று மேற்கிலிருந்து தமிழுக்கு வந்திருக்கிறது. மதம் பரப்ப வந்த இடத்தில் இது நடந்ததென்பது சிலருக்கு உவப்பாயிராது, ஆயினும் நடந்தது.

1855இல் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தோர் உத்தியோகம் தேடிப் போகின்றனரேயன்றி ஊழியத்துக்கு வருகிறாரில்லை என்பது மிஷன் மேலிடத்தின் குறை. சிதம்பரப்பிள்ளை பிற்காலத்தில் யாழ் நகரில் தொடங்கிய பாடசாலையே கைமாறி, 1890இல் சைவபரிபாலன சபையிடம் வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.

அதன்பின் நெடுங்காலம் மேலைத் தத்துவத்தை உயர்நிலையில் கற்க ஆங்கிலமே வழி. 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் தாய்மொழிக்கு மாறின. 1974இல் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் திருநெல்வேலியில் தொடங்கிற்று. இங்கே மெய்யியல் கற்பித்த பேராசிரியர் சோ. கிருஷ்ணராஜா 'விமரிசன மெய்யியல்' போன்ற நூல்களைத் தமிழிலேயே எழுதினார்.

எங்கள் இடர் வேறோரிடத்தில் இருந்தது. அறிவாராய்ச்சியியல், பௌதீகவதீதம், ஒழுக்கவியல், அழகியல் எனக் கிளைகளின் பெயர்களை ஒரு மாதத்தில் மனனஞ் செய்துவிடலாம். 'உண்மை' என்ற சொல்தான் என்னை அலைக்கழித்தது. சித்தாந்த நூல்களில் 'ஆன்ம உண்மை' என்றால் ஆன்மா உள்ளதாந் தன்மை. உள் என்ற அடியிற் பிறந்த சொல் அது. மேலை மெய்யியல் வகுப்பிலோ கூற்று மெய்யாயிருத்தலே உண்மை. 'இறை உண்மை' என்று ஒருவர் எழுதினால் எதைச் சொல்கிறார்? இருப்பையா, மெய்ம்மையையா? இரண்டையும் குழப்பி நான் எழுதிய விடை ஒன்றின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. தமிழில் மெய்யியல் படிக்கப் புகுந்தவன் பழைய தமிழையும் படித்தாக வேண்டுமென்று அன்றுதான் உறைத்தது. நான் தமிழாசிரியனானதற்கு அந்தக் கேள்விக்குறியும் ஒரு காரணம்.

சென்ற ஆண்டு வகுப்பில் மணிமேகலையின் அளவைப் பகுதி பற்றிப் பேச்சு வந்தது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகள். மலையில் நெருப்புண்டு, புகை தெரிகிறதே, அடுக்களையில் கண்டதுபோல. அளவையியல் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்துவந்து அதனை அரிஸ்டோட்டிலின் முறையிற் கரும்பலகையில் எழுதினாள்: புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு, மலையிற் புகையுண்டு, ஆகவே மலையில் நெருப்புண்டு. இரண்டு எடுகூற்று, ஒரு முடிவு. கச்சிதமாகவே இருந்தது.

பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "சேர், அப்ப அடுக்களை எங்கை போட்டுது?"

மணியடிக்கும்வரை நாங்கள் அந்த அடுக்களையைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.