ராஜாவுக்கும் வீட்டுப் பிரச்னை!

அவனியாபுரத்தில் வீடு தேடுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஆபீஸ் விருதுநகரில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மதுரையில். 'ரெண்டுக்கும் தோதா இருக்கணும் சார்' என்பார்.

மதுரை நாயக்கர்களுக்கும் இந்தக் குழப்பம் இருந்தது, தெரியுமோ? அவர்களுக்கு மதுரையா, திருச்சியா என்று! தஞ்சையோடு பகை முற்றிய காலத்தில் முத்துவீரப்ப நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். அடுத்து வந்த திருமலை நாயக்கர் (1623-1659) மறுபடி மதுரைக்கே திரும்பிவிட்டார். காரணம், சளித் தொல்லையாம். திருச்சியில் பாடாய்ப் படுத்திய நோய், வழியில் திண்டுக்கல்லில் சொக்கநாதர் கனவில் வந்ததும் பறந்துபோனதாம். அது கதை. 1636-ல் எழுந்த மகால் கதையல்ல!

பேரன் சொக்கநாத நாயக்கருக்கோ திருச்சிதான் பிடித்தது. போனவர் சும்மா போனாரா? வாடகை வீட்டைக் காலி பண்ணுகிறவர் ஃபேனைக் கழற்றுவாரே, அதுபோல தாத்தா கட்டிய மகாலையே பெயர்த்து, திருச்சி அரண்மனைக்கு எடுத்துப்போனார். சுமார் 130 கிலோமீட்டர்! கூடவே மூட்டை கட்டிய கணக்குப்பிள்ளைகளின் வீட்டில் அன்று என்ன சண்டை நடந்ததோ!

19-ஆம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்தார். இன்று நீங்கள் டிக்கெட் வாங்கி அண்ணாந்து பார்ப்பது, பழைய மகாலில் கால்வாசிதான் என்கிறார்கள்.