முசுக்கட்டைப் புல்லுருவியும் முட்டைத் தேநீரும்

கண்ணமங்கலத்தின் நெசவாளர் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்வோருக்குத் தறியோசை புதிதன்று. குழித்தறியில் கணவர் அமர்ந்திருப்பார். திண்ணையில் மனைவி ராட்டையை முன்வைத்துத் தார் சுற்றிக்கொண்டிருப்பார். ஆரணிப் பட்டு என்று உலகம் புகழும் சேலை இவ்விருவர் கைகளிலும் பிறக்கிறது. அந்தப் பட்டிழையின் மூலம் எது என்று வினவினால், முசுக்கட்டை இலையைத் தின்று வளரும் ஒரு சிறு புழு என்போம். இக்காலத்தில் மல்பெரி என்று வழங்கும் அச்செடியையும் அப்புழுவையும் முதன்முதலில் வளர்த்துப் பழகியவர் சீனர். முசுக்கட்டையோடு அவர்கள் கொண்ட உறவு ஆடையோடு நின்றுவிடவில்லை. உணவுக் கிண்ணம் வரை அது சென்றது. அந்தக் கிண்ணத்தின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

சீனத்தின் தென்கோடியில் குவாங்டொங் என்னும் மாநிலம் உள்ளது. அங்குள்ள காண்டனிய மக்கள், உணவுக்குப் பின்னும் இரவு வேளையிலும் அருந்தும் இனிப்புக் கஞ்சி வகைகளைத் ‘தோங் சுய்’ என்பர். ‘சர்க்கரை நீர்’ என்பது அச்சொல்லின் பொருள். ஹாங்காங்கிலும், காண்டனியர் தமிழரோடு அண்டை அயலாராக வாழும் கோலாலம்பூர், ஈப்போ நகரங்களிலும் இதற்கெனவே கடைகள் உண்டு. அவ்வகைகளுள் தொன்மை மணம் கமழ்வது முட்டைத் தேநீர். பெயரில் தேநீர் என்று இருப்பினும் தேயிலைக்கு அதில் இடமில்லை. முசுக்கட்டையின் மேல் ஒட்டி வளரும் புல்லுருவியின் உலர்ந்த தண்டையும் இலையையும் நீரிலிட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிப்பர். செந்நிறமான அச்சாற்றில் தாமரை விதையும் சிவப்பு இலந்தையும் கற்கண்டும் சேர்ப்பர். பின்னர், வேகவைத்துத் தோலுரித்த கோழி முட்டையை முழுதாக இட்டு, மெல்லிய தீயில் வைப்பர். வெண்மையான முட்டை சிறிது சிறிதாகப் பழுப்பேறும். இனிப்பும் மெல்லிய கசப்பும் ஒருங்கே அமைந்த பானம் அது.

புல்லுருவி என்றால் நமக்கு ஏளனம். மாமரத்துக் கிளையில் அது கண்ணிற்பட்டால் வெட்டி எறிகிறோம். பிறர் உழைப்பில் வாழ்பவனை அப்பெயரால் ஏசுகிறோம். சீனரோ அதனை வேறு கண்கொண்டு நோக்கினர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஷென்னோங் பென்சாவ்’ என்னும் அவர்தம் மூலிகை நூலிலேயே முசுக்கட்டைப் புல்லுருவி இடம் பெற்றுள்ளது. எலும்புக்கும் தசைநாருக்கும் வலுவூட்டும் என்றும், கருவைக் காக்கும் என்றும் அவர்தம் மரபு மருத்துவம் அதனைப் போற்றுகிறது. இது மரபின் கூற்றே; கருவுற்றோர் மருத்துவரைக் கேளாமல் எம்மூலிகையையும் உட்கொள்ளலாகாது. நம் சித்த மருத்துவமும் புல்லுருவியைப் புறந்தள்ளியதில்லை. எறியத்தக்கது என்று ஒருவர் கருதுவதை மற்றொருவர் தாய்க்கு மருந்தாக்குகிறார். இதுவே இக்கிண்ணம் நமக்குத் தரும் முதற்பாடம்.

இனி, பட்டின் கதைக்கு வருவோம். மஞ்சட் பேரரசரின் துணைவி லெய்சூவின் தேநீர்க் கிண்ணத்தில் புழுக்கூடு ஒன்று விழுந்து இழை பிரிந்தது என்றும், பட்டு அவ்வாறே கண்டறியப்பட்டது என்றும் சீனரின் பழங்கதை கூறும். இக்கலையை அவர்கள் நெடுங்காலம் தம்மகத்தே மறைத்துக் காத்தனர். மறைபொருள் வெளியேறியதும் முட்டை வடிவிலேதான். கோத்தான் நாட்டு மன்னனுக்கு மணமகளாகச் சென்ற இளவரசி ஒருத்தி, பட்டுப்புழுவின் முட்டைகளையும் முசுக்கட்டை விதைகளையும் தன் தலையணியில் ஒளித்துக் கொண்டுசென்ற கதையைச் சீனத் துறவி சுவான் சாங் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். இவர் 640-ஆம் ஆண்டளவில் நம் காஞ்சி மாநகர் வரை வந்தவர் என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருத்து. அதற்கும் முன்னர், 552-ஆம் ஆண்டளவில், கிழக்கிலிருந்து திரும்பிய துறவியர் சிலர் அம்முட்டைகளைக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொணர்ந்து ஜஸ்டினியன் பேரரசரிடம் அளித்தனர் என்று புரோகோப்பியுஸ் எழுதி வைத்துள்ளார். புழுவைத் தொலைதூரம் உயிரோடு கொண்டுசெல்ல இயலாது, முட்டையைக் கொண்டுசெல்லலாம் என்பதே அத்துறவியர் கண்ட வழி.

தமிழகத்துக்கும் பட்டு அயலானதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் சீனப் பட்டைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் பட்டிழை கொண்டு நெய்த காருகரைக் காட்டுகிறது. சோழப் பேரரசின் தூதுக் குழு 1015-இல் சீனத்துச் சோங் மன்னரின் அவையை அடைந்தது. கடல்வழியே சரக்கும் சொல்லும் இருபுறமும் சென்று வந்தன.

அக்கிண்ணத்தின் இனிப்புக்கும் இதே போன்றதொரு பயணக் கதை உண்டு. அதன் திசைதான் வேறு. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் கலையில் இந்தியா முந்தியது. 647-ஆம் ஆண்டில் மகத நாட்டுத் தூதர் சீனம் சென்ற காலை, தாங் மரபின் தாய்சோங் மன்னர் அக்கலையைக் கற்றுவர இங்கு ஆளனுப்பினார் என்று அவர்தம் அரச வரலாறு கூறுகிறது. கற்றதைச் சீனர் மேலும் செம்மையாக்கினர். பிற்காலத்தில் வெண்சர்க்கரை அங்கிருந்து இங்கு வந்தபோது, ‘சீனி’ என்று அந்நாட்டுப் பெயரையே அதற்கு இட்டு அழைத்தோம். நாம் கொடுத்தது அவர் பெயரில் நம்மிடமே திரும்பியது! அவர்கள் கொடுத்த பட்டோ இன்று காஞ்சிப் பட்டு, ஆரணிப் பட்டு என நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. இதில் கடன்பட்டவர் யார், கடன் கொடுத்தவர் யார்? இது எமக்கு மட்டுமே உரியது என்று மார்தட்டுவோர், ஒரு கிண்ணத்தை எட்டிப் பார்த்தாலே போதும், அடங்கிவிடுவர்.

இத்தகைய முட்டைப் பானம் யாருக்கு உரியது? வீட்டின் வலிமை மிக்கவருக்கு அன்று. கருவுற்றவருக்கும் உடல் தேறவேண்டிய முதியோருக்கும் என்றே காண்டனியர் அதனை முதலில் கருதினர். நம்மிடமும் இதற்கு நிகரான வழக்கம் இருந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையை உடைத்துக் கொடுத்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றிக் குடிக்கச் செய்தனர்; உளுந்தங்களியில் கருப்பட்டியைக் குழைத்து ஊட்டினர். முட்டையும் இனிப்பும் கூடும் வட்டிலப்பம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் இன்றும் விருந்துக்கு உரியது. தாயாகப்போகும் உடலுக்குச் சிறந்ததைத் தரவேண்டும் என்ற அறிவு நம் பாட்டியரிடமும் இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த அறிவு எத்தனை நாள் நீடித்தது? சடங்கு முடிந்ததும் முட்டையும் நின்றது. அதன்பின் குடும்பத்தில் கடைசியாக உண்பவள் அவளே. நெசவாளர் இல்லங்களிலும் இதே நிலைதான். சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. தார் சுற்றிய கைகளுக்குத் தனிக் கணக்கு இல்லை. சம்பளம் இல்லாத உழைப்புக்குச் சாப்பாட்டிலும் பங்கு குறைகிறது. நெய்பவரை மட்டும் உழைப்பாளி என்றும், சுற்றித் தருபவரை அவரைச் சார்ந்து வாழ்பவர் என்றும் எண்ணிவிட்டோம். உண்மையில் யாரை நம்பி யார் நிற்கிறார்? தார் சுற்றப்படாவிடில் நாடா வெறுங்குழலோடு கிடக்கும்.

நம் மாநிலம் இதில் ஓரடி முன்வைத்ததையும் சொல்லியாக வேண்டும். 1982-இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டை சேர்ந்தது. 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டைகள் என்று ஆயிற்று. அப்பிள்ளையைப் பெற்றவளின் தட்டில் எத்தனை என்பதை எந்த அரசாணையும் முடிவு செய்யாது. அது நம் அடுக்களையில் முடிவாகிறது. லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில், தந்தையின் அன்பை விளக்க ஆண்டவர் எடுத்தாண்ட பொருள்களுள் முட்டையும் ஒன்று என்பதை நாம் அறிவோம். அங்கே கேட்பது பிள்ளை. நம் இல்லத்துத் தாய்மாரோ கேட்பதே இல்லை. கேளாதவருக்குக் கொடுப்பதற்குக் கூடுதல் அன்பு வேண்டும் அன்றோ?

கண்ணமங்கலத்தில் காண்டனியக் கிண்ணத்தைத் தேடவேண்டியதில்லை. முசுக்கட்டைப் புல்லுருவியும் தேவையில்லை. இன்றிரவு அடுப்பில் ஒரு முட்டை வேகட்டும். ராட்டையின் முன் அமர்ந்திருக்கும் அவரை எழுப்பி, முதலில் அவருக்கு அதைக் கொடுப்போம்.