பாவையின் சிரிப்பு

கொல்லிமலைக்கு நீங்கள் போனதுண்டா? காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவையின் மலையும் அதுதான். தெய்வம் வடித்த பெண்ணுருவம் அவள். பகைவர் வந்தால் நகைப்பாள். அந்த நகையில் மயங்கி நெருங்கியவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்பது வழிவழியாக வந்த கதை. எட்டுக்கை அம்மனாக அவளை மலைமக்கள் இன்றும் கும்பிடுகிறார்கள்.

நான் போயிருந்தபோது, அடிவாரத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த வேளையில் எதிரே ஒரு சுவரைக் கண்டேன். கடவுளைத் தொழுகிறவனை அறிவிலி என்று இகழும் வாசகம் ஒன்று கறுப்பில் இருந்தது. அதன் மேலேயே, அதை எழுதியவனின் பிறப்பைப் பழித்து வேறொரு கை காவியில் எழுதியிருந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: முதல் வாசகத்தைப் படித்ததும் என் நெஞ்சு சுட்டது. இரண்டாவதைப் படித்ததும் ஓர் அற்பத் திருப்தி உண்டாயிற்று. அடுத்த கணம் அந்தத் திருப்திக்காகவே வெட்கப்பட்டேன். பாவை நகைத்தாள்; நானும் நெருங்கிவிட்டேன்!

இந்த மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலம் நகரத்தில்தான் 1971 ஜனவரியில் பெரியாரின் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. 24ஆம் தேதி ஊர்வலத்தில் புராணக் காட்சிகளை ஏளனமாகச் சித்திரித்து வண்டிகளில் ஏற்றி வந்தார்கள். எதிர்த்து நின்றவர்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள். அத்தோடு நின்றிருந்தால் அது ஓர் ஊர்ச் செய்தியாக முடிந்திருக்கும். ஆனால் ஒருவர் பெரியாரை நோக்கிச் செருப்பை வீசினார். குறி தவறியது. ஊர்வலத்தில் வந்தவர்கள் அந்தச் செருப்பை எடுத்தே ராமர் உருவத்தை அடித்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். தன் தெய்வத்துக்காகக் கோபித்தவர் எறிந்த செருப்புத்தான் அந்தத் தெய்வத்தின் மேலேயே விழுந்தது. படங்களை வெளியிட்ட 'துக்ளக்' இதழை அரசு பறிமுதல் செய்தது. அதனாலேயே அந்த இதழ் பேசப்பட்டது. மார்ச் மாதத் தேர்தலில் சேலம் நிகழ்ச்சியைச் சுவரொட்டியாக்கித் தி.மு.க.வுக்கு எதிராக ஒட்டினார்கள். அந்தக் கட்சியோ 234 இடங்களில் 184ஐ வென்றது. தமிழன் ராமனைக் கைவிட்டுவிட்டான் என்று இதற்குப் பொருள் சொல்வார் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவன் கோயிலுக்கும் போனான், வாக்குச் சாவடிக்கும் போனான். ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளவில்லை.

செருப்பின் சரித்திரம் அதற்கு முன்பே தொடங்குகிறது. 1944இல் கடலூரில் பெரியார் மீது செருப்பு வீசினார்கள். ஒற்றைச் செருப்பு யாருக்கும் பயன்படாது என்று திரும்பிப் போய் மற்றதையும் எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அங்கே 1972இல் அவருக்குச் சிலை எழுந்தது. திருவரங்கத்தில், ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுவிய அவர் சிலையின் தலையை 2006 டிசம்பர் 7ஆம் தேதி உடைத்தார்கள். பதிலுக்குப் பதில் என்று வேறு ஊர்களிலும் வன்முறை நடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் புதுச் சிலை எழுந்து திறப்பு விழாவும் நடந்துவிட்டது. உடைத்தவர்கள் கண்ட பலன், உள்ளூர்ச் சிலையை நாடறியச் செய்ததுதான்.

அப்படியானால் சகித்துக்கொண்டு வாய் மூடிப் போக வேண்டியதுதானா? நம் நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1953 மே 27ஆம் தேதி திருச்சியில் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். சைவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். கீழ்க் கோர்ட்டுகள் தள்ளிவிட்டன. 1958 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, ஐந்தாண்டுகள் கழித்து வழக்கைக் கிளற மறுத்தாலும், பிறர் புனிதமாகக் கருதுவதை, அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துவதாகத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், மதிக்க வேண்டும் என்று கண்டித்துச் சொல்லியது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் பெரியார் சிலைப் பீடங்களில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரும் வழக்கு வந்தது. கோரிக்கை தள்ளுபடியாயிற்று. மறுப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு; அந்த மறுப்பை மறுக்க உங்களுக்கும் உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். புண்படுகிற மனம் பொய்யன்று என்றது ஒரு தீர்ப்பு. அந்த மனத்துக்கு நாவும் பேனாவும் இருக்கின்றன என்றது மற்றொன்று.

ஆனால் சட்டத்தைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. பொது வழியில் மதத்தின் பெயரால் முதலில் பலகை நட்டவர் யார்? வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்ன சாதியார் இதற்கு மேல் வரக்கூடாது என்று தீண்டல் பலகை நின்றது. அதை எதிர்த்து 1924இல் நடந்த போராட்டத்தில் பெரியார் இருமுறை சிறை சென்றார். மதுரை மீனாட்சியின் சந்நிதிக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி நடந்தவனின் நெஞ்சு எத்தனை தலைமுறை சுட்டிருக்கும்! என் நெஞ்சு சுட்டதோ ஒரு பஸ் வரும் நேரம்தான். கறுப்பு வாசகத்தின் கடுமையை நான் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அதன் பின்னே இருக்கும் பழைய பலகையைக் காணாமல் அதைப் படிப்பது பாதியை மட்டும் படிப்பதாகும்.

முழுதும் படித்தவர் ஒருவர் இருந்தார்: குன்றக்குடி அடிகளார். சைவ மடத்தின் தலைவர் அவர். பிள்ளையாரை உடைத்தவர் பெரியார். அந்த இருவரும் நண்பர்களானார்கள். குன்றக்குடி மடத்துக்கு வந்த பெரியாருக்குத் திருநீறு தந்தபோது அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். அடிகளார் சைவத்தை விடவில்லை. பெரியாரும் மறுப்பைக் கைவிடவில்லை. இருந்தும் ஒருவர் மற்றவரை மனிதராகக் கண்டார். தீண்டாமைக் கொடுமையைப் பற்றிப் பெரியார் சொன்னதில் அடிகளார் உண்மையைக் கண்டார். மரியாதையாக நீட்டிய கையை உதறுவது பண்பன்று என்று பெரியார் கண்டார். ஆயிரம் சுவரெழுத்துக்கு அந்த ஒரு சிட்டிகை திருநீறு போதும்.

பஸ் வரும் வரையில் என் அருகே மலைக்குடியானவர் ஒருவர் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். சுவரைக் காட்டி, "இதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வருவதில்லையா, பெரியவரே?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுதினவங்க ரெண்டு பேரும் எப்பவோ போயிட்டாங்க, சாமி. செவுத்துக்காரன்தான் பாவம், சுண்ணாம்பு வாங்கணும்."

பஸ் வந்தது. அவர் பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னே ஏறினார். நான் பின்னே ஏறினேன்.