நுவரெலியா: எண்ணப்பட்ட தலைகளும் எண்ணப்படாத வாக்குகளும்

தேர்தல் வரலாறு என்றவுடன் வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் அடங்கிய பட்டியலையே பலரும் எதிர்பார்ப்பர். அத்தகைய பட்டியலொன்றை நாம் இங்கே தர முயலவில்லை. ஒரு மாவட்டத்தில் வாக்களிப்பதற்கு உரியவர் எவர் என்பதைக் காலந்தோறும் முடிவுசெய்தவர் யார், எந்த நோக்குடன் முடிவுசெய்தனர் என்பதே நம் வினா. இவ்வினாவுக்கு நுவரெலியா மாவட்டத்தைப் போலத் தெளிவாக விடை தரும் பகுதி இலங்கையில் வேறு இல்லை எனலாம்.

டொனமூர் ஆணைக்குழுவினர் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபொழுதே தோட்டத் தொழிலாளரின் வாக்கு ஒரு பிரச்சினையாயிற்று. ஐந்தாண்டு வதிவு போதுமென்று அவர்கள் கருதினர். மலைநாட்டுத் தொகுதிகளைத் தொழிலாளர் கைப்பற்றிவிடுவர் என்று சிங்களத் தலைவர் பலர் எதிர்த்தனர். அதன் பயனாக இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் தனித் தடைகள் எழுந்தன. நிரந்தரக் குடியிருப்பை நிறுவவேண்டும். அல்லது கல்வி, சொத்துத் தகைமை காட்டவேண்டும். அல்லது நிரந்தரமாகக் குடியேறியமைக்கான அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும். நாட்டின் ஏனைய மக்களுக்கு வயது ஒன்றே தகைமையாயிருக்க, தேயிலை மலையில் வாழ்ந்தவனுக்குச் சான்றும் வேண்டியிருந்தது.

இத்தடைகளையும் மீறி 1931ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஓர் இலட்சம் இந்திய வம்சாவளியினர் வாக்காளர் இடாப்பில் இடம்பெற்றனர். யாழ்ப்பாணத்தில் வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்து வடபகுதி ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்த அதே வேளையில், அற்றன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபை சென்று, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசய்யரைத் தெரிந்தது. பத்திரிகையாளராயும் தொழிற்சங்க முன்னோடியாயும் விளங்கிய அவரைச் சபைக்கு அனுப்பியதன் மூலம், தனது நாக்கு எவரிடம் இருக்கவேண்டும் என்பதைத் தொழிலாளி அறிந்திருந்தான் என்பது புலனாகின்றது. 1939இல் ஏறக்குறைய 2,25,000 ஆக உயர்ந்த இவ்வாக்காளர் தொகை, பதிவு விதிகள் இறுக்கப்பட்டமையால் 1943இல் ஏறக்குறைய 1,68,000 ஆகக் குறைந்தது. பின்னர் நிகழவிருந்ததற்கு இஃது ஓர் ஒத்திகை.

சோல்பரி அரசியற் திட்டம் தொகுதிகளை வகுத்த முறை நம் கவனத்துக்கு உரியது. ஒவ்வொரு 75,000 மக்களுக்கு ஓர் உறுப்பினர், ஒவ்வோர் 1,000 சதுர மைல் நிலத்துக்கு மேலும் ஓர் உறுப்பினர் என்பது அதன் கணக்கு. இங்கே எண்ணப்பட்டவர் வாக்காளர் அல்லர், மக்கள். லயங்களில் வாழ்ந்த ஆண், பெண், குழந்தை அனைவரும் இக்கணக்கிற் சேர்ந்தனர். தேயிலைத் தோட்டங்கள் செறிந்த நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா என்னும் தொகுதிகள் உருவாவதற்கு அம்மக்களின் தொகையே முதற் காரணமாகும்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்நான்கு தொகுதிகளிலும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையிற் குமாரவேலுவும், மஸ்கெலியாவில் மோத்தாவும் தெரிவாயினர். தோட்டமொன்றிற் பிறந்த கவிஞர் ஒருவரைத் தோட்டத் தொழிலாளரின் வாக்குப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதை இலக்கிய மாணவராகிய நாம் மறத்தல் கூடாது. காங்கிரஸ் போட்டியிடாத வேறு பல தொகுதிகளில் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குக் கிடைத்தது.

ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 ஆசனங்களில் 42 மாத்திரமே கிடைத்திருந்தன. தோட்டத் தொழிலாளரின் வாக்கும் நகரத் தொழிலாளரின் வாக்கும் ஒன்றுசேருமாயின் ஆட்சி நிலைக்காது என்பதை ஆளும் வர்க்கம் உடனே உணர்ந்துகொண்டது. அதன்பின் நிகழ்ந்தவற்றை இனப்பகை ஒன்றால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. இனப்பகை கருவியாயிற்று, அதனை ஏந்திய கையில் வர்க்க நலமும் இருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. லயத்துக் காம்பராவிற் பிறந்து மலையிலேயே மாண்ட தலைமுறைகளுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிரூபிக்குமாறு பணித்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் பிரஜைகள் அல்லாதாரை இடாப்பிலிருந்து நீக்கியது. முதற் சட்டம் பிரஜையை அந்நியனாக்க, மூன்றாஞ் சட்டம் அந்நியனுக்கு வாக்கில்லை என்றது. இரண்டையும் இயற்றியது ஒரே பாராளுமன்றம்.

வடபகுதித் தமிழர் தலைமையின் பங்கையும் இங்கு மறைத்தல் நேர்மையாகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அமைச்சரானதன் பின் அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தை ஆதரித்தார். சா. ஜே. வே. செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசெம்பரிற் தமிழரசுக் கட்சியை அமைத்தார். இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து வாக்களித்தன. ஆயின் பாராளுமன்றத்துக்கு வெளியே நாடு தழுவிய கிளர்ச்சி எழவில்லை.

1952இல் காங்கிரஸ் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் நடத்தியது. அவ்வாண்டுத் தேர்தலில் அதன் சார்பில் ஒருவரேனும் பாராளுமன்றம் புகவில்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் ஆசனங்கள் 54 ஆயின. தொகுதிகளோ முன்போலவே இருந்தன. தொழிலாளியின் தலையை எண்ணி அமைக்கப்பட்ட ஆசனத்துக்கு, அவன் வாக்கின்றியே உறுப்பினர் தெரிவாயினர். 1959ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரும் தொகுதிப் பங்கீட்டுக்கு மக்கள் தொகையே அளவுகோலாயிற்று. நாடற்றவரும் எண்ணப்பட்டனர், அதனால் மலைநாட்டில் வாக்குரிமை பெற்றிருந்த சிறு தொகையினரின் ஒவ்வொரு வாக்கும் ஏனைய இடங்களின் வாக்கைவிடக் கனமுடையதாயிற்று. 1960ஆம் ஆண்டுத் தேர்தலிற் தலவாக்கலை, கொட்டகலை என்னும் தொகுதிப் பெயர்களே மறைந்துபோயின.

அதன்பின் மலையகத்தின் குரல் நியமன ஆசனத்துக்குள் அடங்கியது. 1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன உறுப்பினரானார். நியமனம் பெற்றவர் அதனைத் தந்த அரசாங்கத்துக்குக் கடமைப்பட்டவராகிறார். மக்கள் தெரிந்தவரோ மக்களுக்குக் கடமைப்பட்டவர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டபொழுது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு பேச்சுக்கு என்று முடிவாயிற்று. பத்தாண்டு கழித்து அம்மீதியும் செம்பாதியாய்ப் பிரிக்கப்பட்டது. பங்கிடப்பட்டோரின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை; கேட்கவைக்கும் ஆற்றலாகிய வாக்கு அவர்களிடம் இருக்கவில்லை.

1977ஆம் ஆண்டிலேதான் நிலைமை சற்றே மாறியது. நுவரெலியா - மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக அமைந்தது. வாக்காளர் தமக்குரிய மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்கலாம் என்ற விதி சிறுபான்மையினருக்குக் கைகொடுத்தது. காமினி திசாநாயக்கா, அநுரா பண்டாரநாயக்கா ஆகியோருடன் மூன்றாமவராகத் தொண்டமான் தெரிவானார். முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் மலையகத் தமிழரொருவர் மக்கள் வாக்கினாற் பாராளுமன்றம் புகுந்தார். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்ற பெயரைப் படிப்படியாகத் துடைத்தன. ஓரிரு ஆண்டில் இயற்றிய சட்டங்களின் தீங்கை நீக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

1989 முதல் விகிதாசார முறையில் நுவரெலியா முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டமாகும். எட்டு ஆசனங்களைக் கொண்ட அம்மாவட்டத்தில், நுவரெலியா - மஸ்கெலியாப் பிரிவில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர் உளர். 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி ஐந்து ஆசனங்களையும், ஐக்கிய மக்கள் சக்தி இரண்டையும், ஐக்கிய தேசியக் கட்சி ஒன்றையும் பெற்றன. இங்கிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவாகி, பாராளுமன்றம் புகுந்த முதல் மலையகத் தமிழ்ப் பெண்களாயினர். கொழுந்து கொய்வோரிற் பெரும்பாலார் பெண்களாயிருக்க, 1931 முதல் 93 ஆண்டுகள் இதற்காகக் காத்திருக்க நேர்ந்தது.

எனினும், வாக்கு மீண்டதுடன் யாவும் மீண்டனவா? பிரதேச சபைக்கு வாக்களித்த தோட்டத் தொழிலாளி, அச்சபையின் நிதியிலிருந்து தன் லயத்துக்குச் செல்லும் பாதையைத் திருத்தித் தருமாறு கேட்க முடியாதவாறு சட்டத்தின் 33ஆம் பிரிவு தடுத்தது. தோட்டம் தனியார் நிலமாகக் கொள்ளப்பட்டமையே காரணம். அத்தடை 2018இலேதான் திருத்தப்பட்டது. வாக்குக் கிடைத்தும் அதன் பயன் தோட்ட எல்லையில் நின்றுவிட்ட ஆண்டுகள் அவை. காணியும் வீடும் உரிமையாகாத வரை, தேர்தற் காலத்தில் வாக்காளனாகவும் ஏனைய நாட்களிற் தோட்டத்தின் குடியிருப்பாளனாகவும் இரட்டை வாழ்வு நீடிக்கும்.

நம் பாடசாலைகளில் 1931ஆம் ஆண்டின் சர்வசன வாக்குரிமை பெருமையுடன் கற்பிக்கப்படுகிறது. அது தகும். ஆனால் 1949ஆம் ஆண்டு அதே பாடத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகின்றது. ஆசியாவில் முன்கூட்டியே வாக்குரிமை வழங்கிய நாடு, சுதந்திரம் பெற்று ஈராண்டுக்குள் தன் உழைப்பாளரிற் பெரும்பகுதியினரிடமிருந்து அதனைப் பறித்தது என்ற உண்மையை, வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள மாணவர் மலையக மாணவருடன் சேர்ந்து கற்கவேண்டும். வாக்காளர் இடாப்பிலிருந்து ஒரு பெயர் வெட்டப்படும்பொழுது, அஃது எவருடைய பெயராயினும், எஞ்சிய பெயர்களுக்கும் பாதுகாப்பில்லை. நுவரெலியா நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.