ஒரு வீடு, ஏழு அட்டை: பழவேற்காட்டுப் பெயர்ப் பட்டியல்களின் கதை

இன்றைய இழை மருந்து மாத்திரை பற்றியது இல்லை. உங்கள் பெயர் பற்றியது. அரசாங்கத்தின் எத்தனை பட்டியல்களில் உங்கள் பெயர் இருக்கிறது, அந்தப் பட்டியல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனவா என்பது பற்றியது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

பொன்னேரியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. ஏரி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு, சுற்றிலும் மீனவக் குப்பங்கள். அங்கே ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் வீட்டில், பரணில் பத்திரமா சுத்தி வெச்சிருக்கிற பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சா என்ன இருக்கும்? வாக்காளர் அட்டை. ஸ்மார்ட் ரேஷன் கார்டு. ஆதார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. மீனவர் கூட்டுறவு சங்கப் புத்தகம். வீட்டுக்காரரோட மீனவர் பயோமெட்ரிக் அட்டை. மகள் மாசமா இருந்தப்போ கொடுத்த தாய் சேய் நலப் புத்தகம், அதில் ஒரு நீளமான ஆர்.சி.ஹெச் எண். ஆக ஏழு. ஏழிலும் ஒரே பெயர், ஒரே வயது, ஒரே இனிஷியல் இருந்தால் அந்தக் குடும்பம் ரொம்பக் கொடுத்து வெச்ச குடும்பம்.

இது எப்படி ஆச்சு என்பதற்கு ஒரு வரலாறு இருக்கு. அது கம்ப்யூட்டரில் தொடங்கவில்லை.

பழவேற்காடு ஏரியில் "பாடு" என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பதை ஊரே தீர்மானிக்கும் முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களிலும் இது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. இதற்கு அடிப்படை ஒரு பெயர்ப் பட்டியல். கல்யாணம் ஆன ஆண் ஒரு "தலைக்கட்டு". அவர் பெயர் பட்டியலில் ஏறும். இறந்தால் இறங்கும். இடம் குலுக்கலிலும் சுழற்சியிலும் மாறி மாறி வரும்.

ஐடி துறையில் இருக்கிறவங்க இதை உடனே அடையாளம் கண்டுபிடிச்சிடுவீங்க. ஒரு கம்பெனியில் ஆள் சேர்ந்தால் கணக்கு திறக்கணும், துறை மாறினால் அனுமதி மாறணும், வேலையை விட்டால் கணக்கை மூடணும். இந்த மூணும் எல்லா சிஸ்டத்திலும் ஒரே நேரத்தில் நடக்கணும். ஊர்ப் பட்டியலிலும் அதே மூணுதான்: பிறப்பு, கல்யாணம், சாவு. ஒரு வித்தியாசம், இங்கே சரிபார்க்கிறது மொத்த ஊர். இறந்தவர் பெயரில் யாராவது வலை போட்டால் அன்னைக்கு சாயங்காலமே பஞ்சாயத்து.

இதை நான் புகழ்ந்து பாடலை. அந்தப் பட்டியலில் பெண் இல்லை. ஏரியை நம்பி வாழும் தலித், பழங்குடி மீனவர்களுக்கும் அதில் இடமில்லாமல் பல சண்டைகள் நடந்திருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தின் பல ஊர்களில் நிவாரணம் தலைக்கட்டுக் கணக்கில் பிரிக்கப்பட்டபோது, ஆண் இல்லாத வீட்டுப் பெண்கள் விடுபட்டுப் போனார்கள். பட்டியல் துல்லியமாத்தான் இருந்தது. அவங்களை எண்ண வேண்டாம் என்பதிலும் அது துல்லியமா இருந்தது.

இதே கரையில் இன்னொரு விதக் கணக்கும் எழுதப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். துணி மட்டுமில்லை, ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாக இங்கிருந்து பட்டாவியாவுக்குக் கப்பலேறினார்கள். சரக்குக் கணக்கில் அவர்கள் தலை எண்ணிக்கை மட்டும்தான். யார் எழுதுறாங்க, யாருக்காக எழுதுறாங்க என்பதைப் பொறுத்துதான் ஒரு பதிவேடு.

பிறகு வந்த காலத்தைச் சீக்கிரமா தாண்டிடறேன். கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதினவர் பரம்பரை முன்சீப். நிலக் கணக்கு கர்ணத்திடம். அப்போ சிங்க் எல்லாம் அந்த ரெண்டு மூணு பேர் தலைக்குள்ளேயே நடந்தது, அவர்களுடைய சாதி விருப்பு வெறுப்போடு சேர்த்து. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைப் பதவிகளை ஒழித்தது; விஏஓ வந்தார். நல்ல மாற்றம்தான். ஆனால் அதோடு ரேஷன் ஒரு துறை, வாக்காளர் பட்டியல் ஒரு துறை, மீன்வளம் ஒரு துறை, சுகாதாரம் ஒரு துறை என்று ஒரே மனிதர் பல அலமாரிகளில் பிரிந்து உட்கார ஆரம்பித்தார்.

2008 நவம்பர் 26. மும்பைத் தாக்குதல். பத்துப் பேர் கடல் வழியா, ஒரு இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்தார்கள். மறுநாளிலிருந்து இந்தியாவின் ஒவ்வொரு மீனவரும் "நீ யாருன்னு நிரூபி" என்ற கேள்விக்கு ஆளானார். ரெண்டு திட்டம் வந்தது. ஒன்று, கடல் மீனவர்களுக்கான பயோமெட்ரிக் அட்டை. மற்றொன்று, 3,331 கடலோர கிராமங்களில் மக்கள்தொகைப் பதிவேட்டுக்காகக் குடியிருப்பவர்களில் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் புகைப்படம், கைரேகை, அடையாள அட்டை. இது முடியறதுக்குள்ள மூணாவதா ஆதார் வந்தது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவில் கொடுக்கப்பட்டது.

ஒரே விரல்கள். மூன்று முறை ரேகை. மூன்று கோப்பு. ஒவ்வொரு முறையும் பெயரைக் கேட்டு டைப் செய்தவர் வேறொருவர்.

இப்ப பெயர் விஷயத்துக்கு வருவோம், ஏன்னா சிக்கலின் வேர் அங்கேதான். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல். பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பிறகு பல வீடுகளில் புருஷன் இனிஷியல். ரேஷன் கார்டில் தமிழில் "செல்வி". ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் இன்னொன்று. "முதல் பெயர், கடைசிப் பெயர்" என்று கேட்கும் படிவத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும். மனிதக் கண்ணுக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நாலு ஆள்.

வயசும் அப்படித்தான். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு வருஷத்தை மட்டும் கேட்டு ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். என் ஓ.பி.யில் ஜனவரி 1 பிறந்தநாள்காரர்கள் குவிஞ்சு கிடக்கிறாங்க! சிரிக்கலாம். ஆனா மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கு 60 வயது வரம்பு உண்டு. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து 4,500 ஆகக் கொடுக்கும் திட்டம். ஒரு அட்டையில் 58, இன்னொன்றில் 61 என்றால் எது நிஜம்?

இந்த இடத்தில் ஒரு டாக்டராக ஒரு விஷயம் சொல்லணும். ஆஸ்பத்திரியில் அடையாளத் தவறு ரெண்டு வகை. ஒன்று, ஒரே நோயாளிக்கு ரெண்டு கோப்பு. இது தொல்லை: பழைய ரிப்போர்ட் கிடைக்காது, அதே டெஸ்ட் மறுபடி எடுக்கணும். ரெண்டாவது, ரெண்டு நோயாளி ஒரே கோப்பில் கலந்துபோவது. இது ஆளைக் கொல்லும். அடுத்தடுத்த கட்டிலில் ரெண்டு லட்சுமி; ஒருத்தருக்கு ஓ பாசிட்டிவ், இன்னொருத்தருக்கு பி பாசிட்டிவ். ரத்தம் ஏற்றும் முன்னால் பெயரோடு இன்னொரு அடையாளத்தையும் நோயாளியிடமே கேட்டு ஒத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அரசுப் பட்டியல்களை இணைக்கிறவர்களுக்கு முதல் தவறு மேல்தான் கோபம். "போலி அட்டை ஒழிப்பு" என்ற வார்த்தை எவ்வளவு பிரபலம் பாருங்க. ரெண்டாவது தவறும், அதோடு சேர்ந்து வரும் "தப்பா நீக்குறதும்" தலைப்புச் செய்தி ஆவதில்லை, யாராவது சாகும்வரை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் ரேஷன் கார்டு ரத்தாகி வீட்டில் அரிசி இல்லை, பட்டினியால் போனாள் என்றது குடும்பம். மலேரியா என்றது நிர்வாகம். மருத்துவரா எனக்குத் தெரிஞ்சது இது: பட்டினி கிடக்கும் குழந்தையின் உடம்பில் தொற்றை எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்காது. ரெண்டையும் எதிரெதிரா நிறுத்துறதே அபத்தம்.

தமிழ்நாட்டில் நிலைமை அந்த அளவு போகவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்ற கொள்கை நம்மைக் காப்பாற்றியது. இங்கே 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது சேலம் மாவட்டத்தில் ஒரு அம்மாவின் கார்டில் சினிமா நடிகை படம் அச்சாகி வந்தது, சிரிச்சோம், திருத்தினோம். 2020 அக்டோபரில் ரேஷன் கடைக்குக் கைரேகை வந்தது. இறால் உரிக்கிற, ஐஸில் மீன் அள்ளுகிற, உப்புத் தண்ணியில் வலை இழுக்கிற கைகளை நான் பார்த்திருக்கேன். ரேகை மேடுகள் தேய்ஞ்சு, தோல் ஊறி, வெடிச்சு இருக்கும். அந்த விரலை மெஷின் மறுப்பது நோய் இல்லை, தொழில். பின்னால் கருவிழிப் பதிவு வந்தது கொஞ்சம் உதவி.

இப்ப முக்கியமான வித்தியாசம். ஆபீஸில் "லிங்க் பண்ணியாச்சா?" என்று கேட்கிறார்களே, லிங்க் என்பது ரெண்டு பட்டியலுக்கு நடுவே ஒரு நாள் போடும் முடிச்சு. சிங்க் வேறு. ஒரு இடத்தில் மாறினால் மற்ற இடங்களிலும் தானா மாறணும், தொடர்ந்து மாறணும். அதுக்கு முதலில் ஒரு விஷயம் முடிவாகணும்: எந்தத் தகவலுக்கு எந்தப் பட்டியல் மூலம்? பிறந்த தேதிக்கு யார் சொல்வது இறுதி? முகவரிக்கு யார்? நாம் முடிச்சு போட்டோம், மூலத்தை முடிவு செய்யலை. அதனால் தவறு கம்பி வழியா நொடியில் போகுது. திருத்தம் மட்டும் பஸ் பிடிச்சு பொன்னேரி தாலுகா ஆபீஸ் போகுது. அங்கே இ-சேவை மையம். அப்புறம் வங்கி. அப்புறம் மீன்வளத் துறை. மூணு நாள் பாடு போச்சு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், வங்கிக் கணக்கில். தடை சரியா ஏப்ரல் 15-க்கு வந்துடும். பெயர் ஒத்துப்போகாதவருக்குப் பணம் அப்படி வராது.

இதை ஒழுங்கா செய்த இடம் உண்டா? ஸ்வீடன். அங்கே பல நூற்றாண்டுகள் பிறப்பு, திருமணம், இறப்பு, ஊர் மாறுவது எல்லாத்தையும் சர்ச் பாதிரியார் எழுதினார். 1947-இல் ஆளுக்கொரு எண் வந்தது. 1991-இல் பதிவேடு வரித்துறைக்குப் போனது. நூற்றாண்டுகளா அன்றாடம் புதுப்பிக்கப்பட்ட பதிவேடு முதலில், எண் பிறகு. நாம் எண்ணை முதலில் கொடுத்துவிட்டு, இப்போ கீழே பதிவேட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கட்டவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்ம சுகாதாரத் துறை ஒரு நல்ல வேலை செய்தது. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர் பிக்மி தளத்தில் பதிவு செய்வார்; 2017-இலிருந்து அந்த ஆர்.சி.ஹெச் எண் பிறப்புச் சான்றிதழோடு இணைக்கப்பட்டது. அதாவது குழந்தை பிறக்கும் முன்பே அதன் பதிவு தொடங்குது. அம்மாவை நேரில் பார்க்கும் செவிலியர்தான் மூலம். பாடுப் பட்டியலின் பலம் அதுதானே, தெரிந்த ஆள் தெரிந்த ஆளை எழுதுவது. இதில் பெண்தான் முதல் பெயர் என்பது கூடுதல் சந்தோஷம்.

சாவு விஷயத்தில் ரொம்பத் தாமதம். ஆதார் தொடங்கி 15 வருஷம் ஆன பிறகு, 2025-இல்தான் ஆதார் ஆணையம் சிவில் பதிவேட்டிலிருந்து சுமார் 1.55 கோடி இறப்புப் பதிவுகளை வாங்கி, சரிபார்த்து, சுமார் 1.17 கோடி எண்களை முடக்கியது. செய்ய வேண்டிய வேலைதான். ஆனா உத்தரப் பிரதேச லால் பிஹாரியை மறக்க வேண்டாம். உறவினர்கள் நிலத்துக்காக அவரைக் காகிதத்தில் கொன்றார்கள். 1994-இல்தான் "உயிரோடு இருக்கிறார்" என்று பதிவேடு ஒத்துக்கொண்டது. அன்று அது ஒரே ஒரு நிலப் பதிவேடு. இன்று ஒரு தவறான இறப்புப் பதிவு ரேஷன், வங்கி, காப்பீடு எல்லாத்தையும் சேர்த்து நிறுத்தலாம். அதனால் என் கருத்து: சேர்ப்பது தானா நடக்கட்டும், நீக்குறதுக்கு முன்னால் ஒரு மனிதர் வீட்டுக் கதவைத் தட்டணும்.

2023-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஆதார், அரசு வேலை எல்லாத்துக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். மூலம் எது என்பது ஒருவழியா முடிவாயிருக்கு. இனி பிரசவ வார்டில் எழுதும் எழுத்துக்கூட்டல் அந்தக் குழந்தையோட எழுபது வருஷம் கூடவே போகும்.

ஆகவே பொன்னேரி, பழவேற்காடு பக்கம் மட்டுமில்ல, எங்கே இருந்தாலும்: கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அம்மா, அப்பா பெயர் ஆதாரில் எப்படி இருக்கோ அப்படியே தாய் சேய் நலப் புத்தகத்திலும் இருக்கான்னு ஏழாம் மாசத்துக்குள்ள பார்த்திடுங்க. பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம். ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்த்தால் இலவசம், அதுக்கு மேல் 15 வயசு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. ஆனா ஆதார் எண்ணை மட்டும் கமெண்ட்ல போடாதீங்க, ப்ளீஸ்.