முதியோர் கிராமங்களின் முறிக்கடன்: நியூசிலாந்து முதலீட்டாளரின் நோக்கு

நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள ரிமாறு நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சவுத் கன்ரபெரி பினான்ஸ் என்னும் நிதிக் கம்பனி 2010ஆம் ஆண்டு ஓகஸ்ற் 31ஆம் திகதி முறிவுற்றது. அரசாங்கம் முன்னரே உத்தரவாதம் வழங்கியிருந்தமையால், 35,000 வரையான வைப்பாளருக்கு ஏறக்குறைய 1,600 மில்லியன் டொலரைத் திறைசேரி கொடுக்க நேர்ந்தது. 2007இல் வீழ்ந்த பிரிட்ஜ்கோர்ப் கம்பனியிடம் பணங்கொடுத்த 14,500 பேருக்கு அத்தகைய உத்தரவாதம் எதுவும் இருக்கவில்லை. அவர்களது 459 மில்லியன் டொலரில் மிகச் சிறுபகுதியே மீண்டது. இக்கம்பனிகளின் தொகுதிக்கடன்களை வாங்கியோருட் பலர் ஓய்வுபெற்றோர். வீடு விற்ற பணத்தையும் வாழ்நாட் சேமிப்பையும், வங்கியிலும் இரண்டு மூன்று வீதம் கூடிய வட்டிக்காக, பிறர் கட்டும் கட்டடங்களை நம்பிக் கொடுத்தவர்கள்.

இத்தகைய அனுபவத்தின் பின், காணியையும் கட்டடத்தையுமே சொத்தாகக் கொண்ட வேறொரு தொழில் அதே மக்களிடம் கடன் கேட்டு வந்தபோது அவர்கள் கதவடைத்திருப்பர் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு நிகழவில்லை. 2017இல் சமர்செற் என்னும் முதியோர் கிராமக் கம்பனி தனது முதலாவது சில்லறை முறியை 4.78 வீத வட்டிக்கு வெளியிட்டு 100 மில்லியன் டொலர் திரட்டியது. அதனை அடுத்த நான்காண்டுகளுள் மெற்லைஃப்கெயார், ஓசியானியா, றைமன் கெல்த்கெயார், ஆர்விடா ஆகியனவும் இவ்வழியைப் பின்பற்றின. 2013ஆம் ஆண்டின் நிதிச்சந்தை நடத்தைச் சட்டம் வெளியீட்டு ஆவணங்களைத் தெளிவாக்கியிருந்தது உண்மையே. ஆயினும், சட்டம் மாத்திரம் நம்பிக்கையைத் தந்துவிடாது. முதலீட்டாளர் இக்கம்பனிகளில் எதனைக் கண்டனர் என்பதை அறிய, அவற்றின் வருவாய் எவ்வாறு அமைந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

றைமன் 1984இல் கிறைஸ்ட்சேர்ச் நகரில் கெவின் ஹிக்மன், ஜோன் றைடர் என்னும் இருவரால் தொடங்கப்பட்டது. 1999இல் அது பங்குச் சந்தையில் இடம்பெற்றது. சமர்செற் 2011இல் அங்கு வந்தது. இக்கிராமங்களிற் குடியேறும் முதியவர் வீட்டை விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கு இருப்பதுமில்லை. குடியிருப்புரிமை உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டு, ஒரு பெருந்தொகையைக் கம்பனியிடம் ஒப்படைக்கிறார். அவர் இறந்த பின்னரோ வெளியேறிய பின்னரோ, முகாமைக் கட்டணமாக நூற்றுக்கு 20 முதல் 30 வரை கழித்து, எஞ்சியது திருப்பிக் கொடுக்கப்படும். உதாரணமாக, 500,000 டொலர் கொடுத்துக் குடியேறியவரின் குடும்பத்துக்கு, கட்டணம் 25 வீதமாயின், 375,000 டொலர் மீளும். இடைக்காலத்தில் அவ்வீட்டின் பெறுமதி 700,000 ஆக உயர்ந்திருப்பின் அவ்வுயர்ச்சி பொதுவாகக் கம்பனிக்கே உரியது. கொடுத்த பணத்துக்கு வட்டியுமில்லை.

ஆகவே, இக்கம்பனிகளின் ஐந்தொகையிற் பொறுப்புகளின் பக்கத்தை நோக்குவோருக்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றுக்குக் கடன் கொடுத்தோருள் முதன்மையானவர் வங்கியாளருமல்லர், முறி வாங்கியோருமல்லர். கிராமத்துட் குடியிருக்கும் முதியோரே. முறி வாங்கியோரிலும் கணிசமானோர் ஓய்வுபெற்றோர் என்பதை இங்கு மனங்கொள்ளுதல் தகும். ஒரே தலைமுறையினர், ஒரே கம்பனிக்கு, மதிலுக்கு உள்ளே வட்டியின்றியும் மதிலுக்கு வெளியே 4.78 வீதத்துக்கும் கடன் கொடுத்தனர். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் வெளியே இருந்தவரின் நம்பிக்கைக்கு உள்ளே இருந்தவரின் வட்டியில்லாப் பணமே அடித்தளமாயிற்று.

அவ்வாறாயின் முறி எதற்கு என்ற வினா எழும். கிராமமொன்றைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். காணி வாங்கவும் கட்டவும் முதலிற் கடன் வேண்டும். வீடுகள் நிறைந்து குடியேறுவோரின் பணம் வந்ததும் அக்கடன் தீரும். பின்னர் அதே கடனெல்லை அடுத்த கிராமத்துக்குப் பயன்படும். வங்கிக் கடன் சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. 2008ஆம் ஆண்டின் நெருக்கடியைக் கண்டோர், எல்லாக் கடனையும் வங்கிகளிடமே வைத்திருப்பதன் இடரை உணர்ந்திருந்தனர். ஆறு ஏழு ஆண்டுத் தவணையுடைய முறி இவ்விடரைக் குறைத்தது.

முறி வாங்குவோர் அடுத்து நோக்கியது ஈட்டின் வரிசையை. 2003ஆம் ஆண்டின் ஓய்வுக் கிராமங்கள் சட்டத்தின்படி, விலக்கு அளிக்கப்பட்டாலன்றி, ஒவ்வொரு கிராமத்துக்கும் குடியிருப்போரின் நலன் காக்கும் நியதிச்சட்ட மேற்பார்வையாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். காணி உறுதியிற் பதியப்படும் குறிப்பு, ஈடு பெற்றவர் எவராயினும் குடியிருப்போரின் உரிமையை மீறிக் கிராமத்தைக் கையகப்படுத்த முடியாதவாறு தடுக்கின்றது. சமர்செற் முறியை எடுத்துக்கொண்டால், குடியிருப்போர் சார்பில் மேற்பார்வையாளருக்கே முதல் ஈடு. வங்கிகளும் முறி உடையோரும் அதன்பின் சமநிலையில் நிற்பர். முறி உடையோர் இரண்டாம் வரிசையில் நிற்க இசைந்தமை அறியாமையாலன்று. எல்லாக் குடியிருப்பாளரும் ஒரே நாளிற் பணத்தைக் கேட்டு வருவதில்லை. முதுமையும் மரணமும் ஆண்டுதோறும் ஏறத்தாழச் சீராகவே வருவன. ஒருவர் செல்ல, மற்றொருவர் கூடிய தொகையுடன் வருவார். பின்னவர் பணத்தால் முன்னவர் கணக்குத் தீரும். வங்கி வைப்பாளரைப் போல் இவர்கள் வரிசையில் நின்று வங்கியை உடைக்க இயலாதவர்கள்.

பங்குதாரரின் நோக்கு இதனின்றும் வேறுபட்டது. வீட்டு விலை உயரும்போது சொத்து மறுமதிப்பீடு செய்யப்பட்டு அவ்வுயர்ச்சி இலாபமாகக் காட்டப்படும். பங்கின் விலையும் ஏறும். முறி உடையவருக்கு அவ்வுயர்ச்சியிற் பங்கில்லை. மதிப்பீட்டாளரின் எண்ணிலிருந்து வட்டி கொடுக்கவும் முடியாது. எனவே அவர் கேட்கும் கேள்விகள் சிலவே: கட்டி விற்காத வீடுகள் எத்தனை, மீள்விற்பனைக்கு எத்தனை மாதம் செல்கின்றது, கடனில் எவ்வளவு கட்டுமானக் கடன், எவ்வளவு என்றும் தீராது தங்கிவிட்ட கடன்? இக்கேள்விகளை 2020இலும் 2021இலும் பலர் உரத்துக் கேட்கவில்லை என்றே கூறவேண்டும். மத்திய வங்கியின் வட்டி வீதம் 0.25 ஆக வீழ்ந்திருந்தது. 2020இல் சமர்செற் 2.30 வீதத்துக்கும், அவ்வாண்டு டிசம்பரில் றைமன் 2.55 வீதத்துக்கும் கடன் பெற்றன. றைமன் திரட்டியது 150 மில்லியன் டொலர். அம்முறி 2026 டிசம்பரில் முதிர்வது. மூன்றாண்டுகளுக்கு முன் 4.78 வீதம் கேட்ட சந்தை, அதே வகை இடருக்கு அதன் பாதியளவோடு அமைந்துவிட்டது.

சோதனை விரைவிலேயே வந்தது. 2021 ஒக்ரோபரிலிருந்து உயர்த்தப்பட்ட மத்திய வங்கி வீதம் 2023 மே மாதத்தில் 5.5 ஆயிற்று. வீட்டு விலைகள் உச்சத்திலிருந்து ஆறிலொரு பங்களவு வீழ்ந்தன. விலை வீழ்ச்சியிலும் விற்பனைத் தாமதமே இத்தொழிலைக் கூடுதலாகத் தாக்கியது. தமது பழைய வீட்டை விற்க முடியாத முதியவர் கிராமத்துக்கு வர இயலாது. அவர் வராவிடின் கட்டுமானக் கடன் தீராது. 2023 பெப்ரவரியில் றைமன், அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களிடம் பெற்றிருந்த கடனைத் தீர்க்கும் பொருட்டுப் பங்கொன்று 5 டொலர் வீதம் 902 மில்லியன் டொலர் திரட்டியது. 2020இன் தொடக்கத்தில் அதே பங்கு 15 டொலருக்கு மேல் விலைபோயிருந்தது. பங்கிலாபமும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மேலும் 1,000 மில்லியன் டொலர் திரட்டப்பட்டபோது விலை 3.05 டொலராயிருந்தது.

இவ்வளவு நிகழ்ந்தும் முறிக்குரிய வட்டி தவறவில்லை. சமர்செற்றின் முதலாவது முறி 2023 ஜூலையில் உரிய நாளிலே தீர்க்கப்பட்டது. இடரைத் தாங்கியோர் பங்குதாரரே. ஆனால் முறி உடையோர் யாதொன்றும் இழக்கவில்லை எனக் கூறுதலும் தவறாகும். 2.55 வீத முறியொன்றை நான்காண்டு எஞ்சியிருக்கையில், சந்தை 6.5 வீதம் கேட்கும் வேளையில் விற்க முற்படுபவர் 100 டொலருக்கு 86 டொலரளவே பெறுவார். 2023இற் சமர்செற் வெளியிட்ட புதிய முறி 6 வீதத்துக்கு மேற்பட்ட வட்டியைக் கொடுத்தது. இடருக்குரிய விலையை முதலீட்டாளர் மீண்டும் கேட்கத் தொடங்கினர்.

பங்குதாரர் பங்கின் விலையில் இழந்தனர். குடியிருப்போரின் குடும்பங்களோ காத்திருந்தன. முறிக்கு முதிர்வு நாள் உண்டு. குடியிருப்போரின் பணத்துக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய நாளொன்றை விதிக்கவில்லை. வெற்றிடமான வீட்டுக்குப் புதியவர் வந்து பணங்கொடுத்த பின்னரே முன்னவரின் தொகை கொடுக்கப்படும் என்பது உடன்படிக்கைகளின் பொது வழக்காயிற்று. ஈட்டின் வரிசையில் முதலில் நின்றவர் கொடுப்பனவின் வரிசையிற் கடைசியில் நின்றார். முறி உடையோர் துணிந்து இரண்டாமிடத்தை ஏற்றதன் முழுக் காரணமும் இதுவே எனலாம். சந்தை தேங்கும் காலத்திற் காத்திருக்கப்போவது தாமல்லர் என்பதை வெளியீட்டு ஆவணங்களைக் கவனமாகப் படித்தோர் அறிந்திருந்தனர்.

2020 டிசம்பரில் ஓய்வுக்கால விவகார ஆணையாளரின் வெள்ளை அறிக்கை இக்குறையைச் சுட்டிக்காட்டியது. 2023 ஓகஸ்ற்றில் வீடமைப்பு அமைச்சு சட்டத் திருத்தம் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கோரியது. குடியிருப்போர் சங்கத்தினர் குறித்த காலத்துள் பணம் மீளவேண்டும் என்றனர். கம்பனிகளின் சங்கம், சிறிய கிராமங்கள் அதனைத் தாங்கமாட்டா என்றது. முதலீட்டாளரின் கணக்கில் இவ்வாதத்தின் பொருள் வேறொன்று. திருப்பிக் கொடுக்கும் நாள் சட்டத்தால் விதிக்கப்படுமாயின், அதுகாறும் மூலதனம் போலிருந்த முதியோர் பணம் முறியைப் போன்ற தவணைக் கடனாகிவிடும். அதற்கெனக் கம்பனிகள் மேலதிகக் கடனெல்லையை வங்கியிடம் ஒதுக்கி வைக்க நேரும். இரண்டாம் வரிசையில் நிற்போர் அதற்கேற்ப வட்டியைக் கூட்டிக் கேட்பர். முதியோர் இதுவரை கேளாதிருந்த வட்டியின் ஒரு பகுதி அவ்வாறு கணக்கில் ஏறும்.